ஸ்கோப்பை விட்ட கொம்பனியும் ரெலிபோன் எடுத்த நானும்

ரெலிபோன் எடுக்கிற வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: கொம்பனியில் என்ன நடக்கிறது என்பதைக் கடைசியாக அறிகிறவரும், அதை வெளியாட்களுக்கு முதலில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள்தான்.

இந்தக் கஷ்டத்தை அனுபவித்த சகோதர சகோதரிகளே, நான் அந்த ஆளாக இருந்தது வெள்ளைக்காரர் நாட்டில், ஹென்டர்சன் என்ற ஊரில், துவக்குக்கு, அதுதான் துப்பாக்கிக்கு, மேலே பூட்டுகிற ஸ்கோப் செய்யும் ஒரு சின்னக் கொம்பனியில். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து முன்மேசையில் குந்திவிடுவேன். பின்னால் பெஞ்சில் அம்மா இருப்பா. ஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தால் நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு தெரியும் அல்லவா, தலைமயிரிலும் மெல்லிய கம்பியை ஒரு வளையத்துக்குக் குறுக்கே இழுத்து ஒட்டி அந்தக் கோட்டை உண்டாக்குவதுதான் அம்மாவின் வேலை. பக்கத்துப் பெஞ்சில் மன்னார் தாமஸ் அண்ணை. அவர் அந்தக் கோட்டைச் சிலுவை என்றுதான் சொல்லுவார். முதலாளி பாரி. குளிர்காலத்தில் பழைய லொறி ஸ்டார்ட் எடுப்பதுபோல மூன்று தரம் செருமாமல் அவருக்கு ஒரு வசனமும் வராது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. கேட்ட குரல் எல்லாம் வாயில் வந்து நிற்கும். பாரி, தாமஸ் அண்ணை, கோயில் ஐயர், ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர், ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. வெள்ளைக்காரரின் ஆங்கிலத்தை இங்கே தமிழில் எழுதியதால் எல்லாரும் சாவகச்சேரியில் பிறந்தவர்கள் மாதிரிக் கதைப்பார்கள். அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

நல்ல கேள்வி

ஒரு திங்கட்கிழமை பாரி எல்லாரையும் தேநீர் அறைக்குக் கூப்பிட்டார். செருமினார். ஸ்கோப் சந்தையிலிருந்து கொம்பனி வெளியேறப் போகிறது என்றார். நத்தார் லீவோடு, அதாவது டிசம்பரோடு, ஸ்கோப் இல்லை. ஆனால் கொம்பனி மூடவில்லை. மூடவில்லை, ஆனால் சின்னதாகும். சின்னதாகும், ஆனால் வளரும். பைனாகுலர் வரும். மைக்கிரோஸ்கோப்பும் வரலாம், வராமலும் விடலாம். நான் அம்மாவின் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் நான் மொழிபெயர்ப்பது பிழையோ, பாரி சொல்வது பிழையோ என்று எனக்கே மயக்கம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு இது விளையாட்டில்லை. அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு இங்கே வர விசாவுக்குக் காத்திருந்தார். அம்மாவுக்கு நிரந்தர வேலை இருந்தால்தான் அந்த விசா நகரும். பைனாகுலருக்குள் குறுக்குக் கம்பி கிடையாது. கம்பி இல்லாவிட்டால் அம்மாவுக்கு அங்கே என்ன அலுவல்? "வளருதோ சின்னனாகுதோ அது அவையின்ர பாடு. தை மாசம் நான் வேலைக்கு வாறதோ இல்லையோ, அதைக் கேள்" என்றா. கேட்டேன். பாரி கூரையைப் பார்த்தார், செருமினார், பிறகு மிகவும் சந்தோசமாகச் சொன்னார்: "நல்ல கேள்வி."

யாருடைய வாழ்நாள்?

செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. பக்கத்தில் மாசி என்ற ஊரிலிருந்து ஒரு மான்வேட்டைக்காரர் அழைத்தார். தன்னுடைய ஸ்கோப் பெட்டியில் வாழ்நாள் உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறது, நீங்கள் ஸ்கோப்பை விட்டால் அது என்ன ஆகும் என்று கேட்டார். நான் லைனைப் பிடித்துவைத்துவிட்டுப் பாரியிடம் ஓடினேன். "உத்தரவாதம் இருக்கு எண்டு சொல்லு" என்றார். சரி, உடைந்தால் ஆர் திருத்துவது? "ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிற திறமையைக் கடவுள் எனக்குத் தந்திருந்தபடியால் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. பிறகு மனிசன் நிதானமாகக் கேட்டார்: "அப்ப நான் உங்கட கொம்பனிக்கு முதல் செத்திருக்க வேணும், அப்பிடியோ?"

அப்பாவுக்குத் தெரிந்த வேலை

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். அம்மா செய்கிற வேலை என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. சண்டை நடந்த அந்த நாட்களில் கொழும்பு லொட்ஜில் இருக்கிற தமிழனுக்கு வெளிநாட்டிலிருந்து ரெலிபோன் எடுத்து, "நான் துவக்குச் சாமான் செய்யிறன்" என்று சொன்னால், அந்த மனிசன் அடுத்த நாள் எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருப்பார் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே அம்மா பொதுவாகக் "கண்ணாடிக் கொம்பனி" என்று சொல்லிவைத்திருந்தா.

மூக்குக்கண்ணாடி என்று அப்பா தானாகவே முடிவெடுத்துக்கொண்டார். கொம்பனி ஒரு சாமானை நிற்பாட்டப் போகிறது, வேலை இருக்குமோ தெரியாது என்று அம்மா சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அவருக்குத் தலை சுற்றிவிட்டது. ஏன், எதற்கு என்று துருவித் துருவிக் கேட்டார். அம்மா "அது பெரிய கதையப்பா" என்று மழுப்ப மழுப்ப, ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்கும் அளவுக்கு அவர் குரல் ஏறியது: "சனத்துக்கு எல்லாம் கண் சுகமாப் போச்சுதோ?"

சிவப்பு மொடல்

ஆயுத பூசை வந்தது. வழக்கமாக அம்மா வீட்டில் என் புத்தகங்களோடு முடித்துக்கொள்ளுவா. அந்த முறை வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காக, பாரி வர முதல் பெஞ்சிலேயே செய்தா. கம்பி பிடிக்கிற சாமணத்துக்கு, பூதக்கண்ணாடிக்கு, பசைப் போத்தலுக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும். கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் அடிக்கும் என்று தாமஸ் அண்ணை தடுத்துவிட்டார். தான் வேதக்காரன், பூசையில் கலந்துகொள்ள ஏலாது, ஆனால் படைத்த கடலையில் தனக்கும் ஒரு பங்கு வைக்கவேணும் என்றும் சொன்னார். பக்தி முற்றிய அம்மா, பெட்டியில் போடத் தயாராக நின்ற ஸ்கோப் ஒன்றின் முன்கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டா. அதைத் துடைக்க மறந்துபோனா. தாமஸ் அண்ணையும் பார்க்காமல் மூடியைப் பூட்டி அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு விவசாயி அழைத்தார். கண்ணாடியில் ஏதோ தூசி இருந்ததாம், சட்டை நுனியால் துடைத்தாராம், அதுக்குப் பிறகு எந்த நேரம் பார்த்தாலும் மலையெல்லாம் பொழுதுபடுகிற நேரம் மாதிரித் தெரிகிறதாம். குங்குமம் முழுக்கப் பரவிவிட்டது என்று எனக்கு விளங்கியது. சரி, இனி ஏச்சுத்தான் என்று மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் என்னைக் கதைக்க விடவில்லை. முயல் எல்லாம் நல்ல எடுப்பாகத் தெரியுது என்றார். "என்ர தம்பிக்கும் இதே சிவப்பு மொடல் ஒண்டு வேணும். நிப்பாட்டுறதுக்கு முதல் எடுத்து வையுங்கோ."

குதிரைக்குக் கண்ணாடி

சோதனைக்குப் படிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடம் நவம்பரில் லீவு விட்டது. நான் முழுநாளும் முன்மேசைக்கு வந்துவிட்டேன். சும்மா இருக்கிற வாய் சும்மா இருக்குமோ? உள் லைனில் பாரியைக் கூப்பிட்டு, குதிரைப் பந்தயக்காரனின் குரலில், ஓடுகிற குதிரைக்குப் பைனாகுலர் மாட்ட வசதி உண்டா என்று கேட்டேன். பாரி பாவம், குதிரையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டார். இன்னொரு நாள் ஒரு கன்னியாஸ்திரியின் குரலில், தூரத்திலிருந்தே பாவங்களைப் பார்க்கிற கண்ணாடி கேட்டேன். கன்னியாஸ்திரி என்று கேள்விப்பட்டதும் தாமஸ் அண்ணைக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

கடைசியில் பாரி பிடித்துவிட்டார். கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தபோது, கன்னியாஸ்திரி ரிசீவரும் கையுமாக முன்மேசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தா. ஏசவில்லை. செருமினார். "இனிமேல் விசித்திரமான குரல் ஒண்டு வந்தால், ஆர் எண்டும் கேக்கமாட்டன். வைச்சிடுவன்."

த்ரீ கிங்ஸ் குரல்

அதற்கு அடுத்த கிழமையே அந்த அழைப்பு வந்தது. அப்படி ஒரு குரலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பொய்ப்பல்லுக்கிடையால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விசில், விசிலுக்கு நடுவில் ஒரு கொக்கரிப்பு. என் பெயர் ட்ரெவர், த்ரீ கிங்ஸ் என்ற ஊரில் நிலம் அளக்கிற கருவிகள் திருத்துகிறேன் என்றார். பழைய கருவிகளுக்குள்ளும் அதே குறுக்குக் கம்பிதான் இருக்கும், அறுந்தால் மாற்ற ஆள் இல்லை, உங்களிடம் கம்பி இழுக்கிற ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். அம்மாவின் வேலை ஒன்று விசிலடித்துக்கொண்டு ரெலிபோனில் வருகிறது. உடனே பாரிக்கு மாற்றிவிட்டேன்.

உள்ளே ரிசீவர் வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நான் எழும்பி ஓடினேன். ஐயோ, அது உண்மையான மனிசன், நிலம் அளக்கிற கருவி திருத்துகிறவர் என்று சத்தியம் பண்ணினேன். பாரி கோட்டைப் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்கு இறைச்சி வைத்துச் சுட்ட பை வாங்க வெளியே புறப்பட்டார். போகிற போக்கில் என் தோளில் தட்டினார்: "நல்லாத்தான் செய்தாய். விசில் மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

இரண்டு பாரிகள்

பாரியின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் ரெலிபோன் மறுபடியும் அடித்தது. ட்ரெவர்தான். லைன் அறுந்துவிட்டதோ, அல்லது உங்கட முதலாளி என்னை அவமானப்படுத்தினாரோ என்று கேட்டார். தனக்கு வேறு இடமும் தெரியும் என்றார். முதலாளி பை வாங்கப் போய்விட்டார் என்று சொன்னால் அந்த வேறு இடத்துக்குத்தான் போவார். "ஒரு நிமிசம் சேர், முதலாளிக்குத் தாறன்" என்று சொல்லி, ரிசீவரைப் பொத்தி, மூச்சை இழுத்து, மூன்று தரம் செருமினேன். பிறகு பாரியாகக் கதைத்தேன். லைன் பிழைக்கு வருந்தினேன். தை மாசத்திலிருந்து எங்களுக்கு இதுதான் முக்கியமான வேலை என்றேன். வியாழக்கிழமை வந்து பெஞ்சைப் பாருங்கோ என்றேன். பொய்ப்பல் எப்படி என்றுகூட விசாரித்தேன். தேத்தண்ணியோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டா. பாரி போனதைத் தன் கண்ணால் கண்டவ. "எங்கையடா அவர்?" என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தா.

வியாழக்கிழமை ட்ரெவர், கம்பி அறுந்த கருவி ஒன்றோடு வந்து வாசலில் விசிலடித்தார். பாரி அறையை விட்டு வெளியே வந்து, முதலில் என் வாயைத்தான் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. விசில் தொடர்ந்தது. பாரி திரும்பவும் என் வாயைப் பார்த்தார். ட்ரெவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, வியாழன் வரச் சொன்னதற்கு நன்றி என்றார். பாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வேலை கொண்டுவருகிறவரிடம் விளங்கவில்லை என்று சொல்லுகிற முதலாளி உலகத்தில் இல்லை. அம்மா கம்பியை இழுத்து ஒட்டிக் கொடுத்தா. ட்ரெவர் கருவியில் கண்ணை வைத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ரயர்க் கடையின் பலகையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். தை மாசத்திலிருந்து மாதாமாதம் வேலை தருகிறேன் என்றார். பாரி செருமினார், நானும் அதைத்தான் யோசித்திருந்தேன் என்றார், அம்மாவின் பெஞ்ச் இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி அம்மா இரண்டுதரம் கேட்டா.

போகும்போது ட்ரெவர் பாரியை மேலும் கீழும் பார்த்தார். "குறை நினைக்காதேங்கோ," என்றார், "ரெலிபோனில நீங்கள் இதைவிட நல்ல மனிசன்."

இனிச் சொல்லலாம்

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு எடுத்தோம். அம்மா அன்றைக்கு வழக்கம்போலக் குரலைத் தாழ்த்திக் கதைக்கவில்லை. "ஓமப்பா, வேலை இருக்கு. நிரந்தரம். பாரி கடிதமும் தாறன் எண்டவர். நிலம் அளக்கிற கண்ணாடிக்குக் கம்பி இழுக்கிறன். நிலம் அளக்கிறது. ஆர் கேட்டாலும் சொல்லுங்கோ, லொட்ஜ்காரனுக்கும் சொல்லுங்கோ, பொலிசுக்கும் சொல்லுங்கோ" என்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கக் கத்தினா. கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டா.

அந்தப் பக்கம் அப்பா சந்தோசப்பட்டார், கடவுளுக்கு நன்றி சொன்னார், விசாக் கந்தோரில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஏதோ உறைத்திருக்க வேண்டும். மெல்லக் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் நீர் அங்கை என்ன செய்தனீர்?"

ஆக, எங்கள் கொம்பனி எதை விட்டு வெளியேறியது, ஏன் வெளியேறியது, எதற்குள் நுழைந்தது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை என்றாலும், யாராவது ரெலிபோனில் கேட்டால் மட்டும் மூன்று தரம் செருமிவிட்டு மிகத் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.