நாலு மூலையில் கண் கூட்டியவர்

போன வாரம் நேரு வீதித் துணிக்கடை ஒன்றில், இந்த வயதில் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன். பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், கம்பளி நூலில் பின்னிய மேல்சட்டை போட்டிருந்தாள். சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்டது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு வட்டம். என் கை தானாகப் போய் அதன் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தது.

"ஆன்ட்டி, இன்னா பண்றீங்க?"

"கையால போட்டதான்னு பாத்தேம்மா."

"தெரியலயே. ஆன்லைன்ல வாங்குனது."

கையால் போட்டதுதான். பின்பக்கம் நூல் முனைகளைப் பொறுமையாகச் செருகி மறைத்திருந்தது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள். யார் அது? வீடு வந்து சேரும்வரை இதே யோசனை. எனக்கு இந்த வியாதி ரொம்பப் பழசு. அதற்கு ஏற்ற வேலையும் ஒரு காலத்தில் கிடைத்திருந்தது.

சுனாமி வந்துபோன மறுவருஷம், புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்ஷனில் சேர்ந்தேன். சிகிச்சை முடிந்த நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி வைப்பதுதான் வேலை. அடுக்குவதற்கு முன்னால் படித்துப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் படிப்பேன்.

மதியச் சாப்பாட்டுக்கு, பச்சைக் குழந்தைகள் வார்டு இருக்கும் வராந்தாவுக்குப் போய்விடுவேன். டெட்டால் நெடியும் யாருடைய டப்பாவிலிருந்தோ வரும் எலுமிச்சைச் சாத வாசனையும் கலந்த இடம் அது. அங்கேதான் பிலோமின் அக்கா என்ற நர்ஸும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் பின்ன ஆரம்பிப்பார்கள். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குக் குளிர் ஆகாது. வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு கம்பளிப் போர்வை இனாமாகக் கொடுத்தனுப்புவார்கள். உள்ளங்கை அகலச் சதுரம் முப்பது சேர்ந்தால் ஒரு போர்வை.

பிலோமின் அக்கா வீடு சொல்தா வீடு. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கொக்கி ஊசியால் பின்னும் இந்தக் 'குரோஷா' என்பது சுத்தமான தமிழ் வார்த்தை என்று நான் ஒருநாள் சாதித்தபோது அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அடிப்பாவி, அது பிரான்சுலேந்து வந்ததுடி!" நான் போடும் சதுரங்களைப் பார்த்தும் அதே சிரிப்புத்தான். அவை மேசையில் படுக்காது. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டு நிற்கும்.

வராந்தா பெஞ்சில் ஏழுமலை என்றொருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அரியாங்குப்பம் தாண்டிக் கடலோரத்து ஊர், மீன் பிடிக்கிறவர். மனைவி அஞ்சலைக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பார், வந்து உட்காருவார், மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். மற்ற நேரத்தில் எங்கள் விரல்களைப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏம்மா, ரவுண்டாத்தான போய்ட்டிருந்துது? எந்த எடத்துல சதுரமாச்சு?"

மாதக்கணக்கில் பின்னுகிறேன், அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. சொன்னபடி எண்ணிப் போடுவேன், மூலை வரும். அவ்வளவுதான். அவர் சதுரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வீச்சு வலைக்குச் சுத்திவரக் கண்ணு, அதான் ஓட்டை, கூட்டிகினே போவோம். அது வட்டமா விரியும். நீங்க நாலு எடத்துல மட்டும் கூட்டறீங்க. அதான் மூலை இழுக்குது."

மறுநாள் நைலான் நூலில், தன் வலை ஊசியால் முடிச்சுப் போட்டு ஒரு சதுரம் செய்துகொண்டு வந்துவிட்டார். நடுவில் அச்சில் வார்த்த மாதிரி வட்டம். பிலோமின் அக்கா அதைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்பா, இந்த முடிச்சு பச்சப்புள்ள தோலக் கிழிச்சிடாதா?" ஏழுமலையின் முகம் விழுந்துவிட்டது. அக்காவுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் ஒரு குரோஷா ஊசியும் மஞ்சள் நூல்கண்டும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஏழுமலை ஜன்னலுக்குப் போய்வருவது கொஞ்சம் குறைந்தது. வலை இழுத்த கை அல்லவா, அவர் சதுரங்கள் இறுக்கமாக, மற்றவற்றைவிட விரல் நுனி அளவு சின்னதாக இருக்கும். வட்டத்தைச் சொல்லிவைத்தாற்போல மஞ்சளில்தான் போடுவார். அவர் போட்ட ஆறு சதுரங்கள் சேர்ந்த முதல் போர்வை, வில்லியனூர்ப் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்குப் போனது.

"வரிசைப்படிதான் ஏழுமலை. உங்க புள்ளைக்குன்னு எடுத்து வைக்க முடியாது" என்றார் அக்கா.

"நான் கேக்கலியே சிஸ்டர். வெந்நீல தொவைச்சா மூலை பிரியுமோன்னுதான் பாத்தேன்."

ஒரு திங்கட்கிழமை பெஞ்ச் காலியாக இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் வேறு குழந்தை. அக்காவுக்கு அன்று லீவு. யாரையும் கேட்காமல் என் மேசைக்குத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஃபைல்கள் கட்டாக வந்திருந்தன. வீட்டுக்குப் போனவர்கள், போகாதவர்கள் எல்லாம் அந்த ஒரே கட்டில்தான். முன்பின் தெரியாதவர்கள் ஃபைலையெல்லாம் வரிவிடாமல் படிக்கிற நான், அன்று மத்தியானம் வரை அந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை. தண்ணீர் குடித்தேன். பென்சில் சீவினேன். கடைசியில் அவிழ்த்தபோது நாலாவதாக இருந்தது: அஞ்சலை, பெண் குழந்தை, எடை ஒரு கிலோ எண்ணூறு, தாயும் சேயும் நலம், டிஸ்சார்ஜ். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப் போர்வை எதுவும் தயாராக இல்லை. பாதியில் நின்ற ஒன்றுதான் இருந்தது; அதில் ஒன்பது சதுரம் அவர் போட்டது. முடித்ததும், "வரிசையாவது ஒண்ணாவது, கெளம்புடி" என்றார் அக்கா. டெம்போவில் ஏறி, இறங்கி, மணலில் நடந்து, விசாரித்துக்கொண்டு போனோம். சித்திரை வெயில். ஏழுமலை கடலுக்குப் போயிருந்தார். வாசலில் போட்டிருந்த கொட்டகைக்குள் சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அஞ்சலை டீ போட்டுக் கொடுத்தாள்.

போர்வையைப் பிரித்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ சிஸ்டர், சுனாமிக்கு வந்த கம்பளியே ரெண்டு மூட்டை பரண்ல கெடக்குது. இந்த வேக்காட்டுல இதைப் போத்தினா புள்ள வெந்துடும்!"

நாங்கள் அசட்டுத்தனமாகச் சிரித்தோம். உண்மைதானே. அவள் மடியில் வைத்து மடிக்கப் போனவள், சட்டென்று நிறுத்தி ஒரு மஞ்சள் வட்டத்தைத் தடவினாள். அடுத்தது. அதற்கடுத்தது. "இது அவரு போட்டது. வலையும் இப்படித்தான் இறுக்கிப் போடுவாரு" என்றாள். விரலாலேயே ஒன்பதையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். "வெளிய உக்காந்து இன்னாதான் பண்ணுவாரோன்னு உள்ள படுத்துகினு நெனைப்பேன். கேட்டா, சும்மாதான் இருந்தேன்னாரு." குழந்தையைத் தூக்கி, போர்வையை நாலாக மடித்துத் தூளிக்குள் மெத்தையாகப் போட்டு, அதன்மேல் படுக்க வைத்தாள்.

பிலோமின் அக்கா பிறகு மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார். வராந்தாவை அடைத்து ஏ.சி. அறை ஆக்கிவிட்டார்கள், போர்வைகள் இப்போது பிளாஸ்டிக் உறையில் மொத்தமாக வந்து இறங்குகின்றன. சில வருஷம் கழித்து அந்த ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கடற்கரைக்கு நடந்தேன். அஞ்சலை வீடு இருந்த வரிசையே இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து எடுத்துக்கொண்டதாம். கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருந்தது. அங்கே நின்றிருந்த ஒருவரிடம் ஏழுமலையைக் கேட்டேன்.

"எந்த ஏழுமலைம்மா? இங்க நாலு பேரு இருந்தாங்க. எல்லாம் தெக்கால ஒண்ணு, வடக்கால ஒண்ணா பூட்டாங்க."

நாங்கள் உட்கார்ந்து டீ குடித்த இடம் எந்தக் கல்லுக்கு நேரே இருக்கும் என்று குறிவைத்துப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிடிபடவில்லை. அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது.