ஆறு குமிழுக்கு நான்கு சாஃப்ட்வேர்

பூஜை அறைக் கதவுகளுக்கு ஆறு பித்தளைக் குமிழ் வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். திருச்செங்கோட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் ஐந்து நிமிடத்தில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வாங்குவது கையாலாகாதவன் செய்கிற காரியம் என்று எனக்குப் பட்டது. நான் ஒரு சிறிய சிஎன்சி லேத் வாங்கினேன்.

கோவையில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் விற்றது அது. மேஜை மேல் வைக்கிற அளவு. கம்ப்யூட்டர் சொல்கிறபடி கட்டையைச் சுழற்றிக் கடையும். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நேரமில்லீங்க" என்றார். பணத்தைக் கையில் வாங்கியதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை, என்மேல் வந்த பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மெஷின் விஷயத்தில் நான் ஒன்றும் புதியவன் அல்ல. போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் பல வருடமாக ஸ்டோர் கீப்பர். எந்தப் பாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் தெரியாது. அந்தச் சின்னக் குறையை நான் பெரிதுபடுத்தவில்லை.

லேத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. நாம் வரைந்த வடிவத்தைப் பார்த்து, கத்தி எங்கே தொடங்கி, எவ்வளவு ஆழம் போய், எங்கே திரும்ப வேண்டும் என்று வரிவரியாக எழுதிக்கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். மலிவாக ஒன்றைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் பார்த்தது பெரிய கம்பெனியுடையது. பொழுதுபோக்குக்காகச் செய்பவர்களுக்கு இலவசம் என்று போட்டிருந்தது. என்ன வேலை, என்ன வருமானம், எதற்காக என்று மூன்று பக்கம் நிரப்பினேன். பெண் கொடுக்கும்போது என் மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. உள்ளே போனால் லேத்துக்கான பட்டன் சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப மாதச் சந்தா. ஒரு மாதச் சந்தாவில் எங்கள் தெருவுக்கே குமிழ் மாட்டலாம்.

இரண்டாவதை எங்கள் கடைக்கு வரும் நண்பர் ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்தார்.

"லட்ச ரூபா சாமானுங்க இது. சும்மா தாரேன், வெச்சுக்குங்க. ஆன்டிவைரஸ மட்டும் ஆஃப் பண்ணிப்போட்டு ஏத்துங்க."

கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குங்கள் என்பது போன்ற யோசனைதான். கேட்டுக்கொண்டேன். சாஃப்ட்வேர் திறக்கவில்லை. சூதாட்ட விளம்பரங்கள் திறந்தன. அதே கம்ப்யூட்டரில்தான் என் மனைவி இளம்பிள்ளை ஊர்ச் சேலைக்காரர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். முந்தானைக்கு மயில் வரைந்துகொண்டிருந்தவளைச் சீட்டு விளையாட வரச்சொல்லி அழைப்பு வந்தது. அன்று வீட்டில் நடந்த பேச்சு அச்சில் ஏற்றத் தகுந்ததல்ல.

மூன்றாவது, எங்கோ வெளிநாட்டில் சிலர் சேர்ந்து இலவசமாக நடத்துவது. பார்வைக்குப் பழைய ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. திறந்தவுடன் ஏதேதோ கேட்டது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்தேன். அவர்களுடைய இணையக் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டேன். கையேட்டைப் படித்தீர்களா என்று பதில் வந்தது. கையேடு ஜெர்மன் மொழியில் இருந்தது. மூடிவிட்டேன்.

நான்காவதற்கு ஒரே தடவை பணம் கட்டினால் போதும். மரப்பலகையில் பூ வேலை செய்யும் மெஷினுக்காக உருவாக்கியது. லேத்துக்கும் ஆகும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. நல்ல லட்சணம். திரையில் மஞ்சள் கத்தி நீலக் கட்டையை வெண்ணெய் மாதிரி சீவியது. வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். நல்லவேளை, பித்தளையை மாட்டாமல் வேப்பங்கட்டையை மாட்டியிருந்தேன். என் சாதனையைப் பார்க்க மனைவியையும் அழைத்து நிற்கவைத்தேன். கத்தி மேலாகச் சீவும் என்று பார்த்தால், பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர் மாதிரி நேராக உள்ளே பாய்ந்தது. கட்டை பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு மெஷினின் மூடியில் மோதி விழுந்தது. கத்தி முனை உடைந்துபோயிற்று. சிவப்புப் பட்டனை அழுத்தி மெஷினை நிறுத்தினேன். அந்த மூடி மட்டும் இல்லாவிட்டால் என்று இருவருமே நினைத்தோம்.

"அடி கிடி பட்டுதுங்களா?"

"இல்ல. மெஷின்ல கோளாறு. கோயமுத்தூர்க்காரரு ஏமாத்திப்போட்டாரு" என்றேன், தீர விசாரித்தவன் மாதிரி.

சாஃப்ட்வேர்காரர்களுக்கும் எழுதினேன். அடுத்த பதிப்பை வாங்கினால் லேத் வசதி இன்னும் மேம்பட்டிருக்கும் என்று அன்பாகப் பதில் போட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது, மனைவி என் ஃபைலைத் திரையில் திறந்துவைத்திருந்தாள்.

"ஏனுங்க, குமிழு குறுக்க எத்தன மில்லி?"

"முப்பத்திரண்டு."

"இதுல எக்ஸ் பதினாறுன்னு எழுதியிருக்குதுங்களே?"

"அதெல்லாம் சாஃப்ட்வேர் கணக்கு. உனக்குப் புரியாது."

அவள் கோபப்படவில்லை. "சேலையில வர்ற பூ இருக்குதுங்களே, புட்டா, அத நாங்க நடுவுல இருந்து பாதிதானுங்க வரையறது. மறுபாதிய மெஷினே மடிச்சுப் போட்டுக்கும். மடிக்காத மெஷினுக்கு அந்த ஃபைலக் குடுத்தா, சேல பூராம் பாதிப் புட்டாதான் வரும். உங்க மெஷின் மடிக்குமுங்களா, மடிக்காதுங்களா?"

மெஷினோடு வந்த புத்தகத்தை முதல்முறையாகத் திறந்தேன். ஆரம்பத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: எக்ஸ் என்பது விட்டம். சாஃப்ட்வேர் ஆரத்தை எழுதிக் கொடுத்திருக்கிறது. மெஷின் அதை விட்டமென்று நம்பி, முப்பத்திரண்டில் நிற்க வேண்டிய கத்தியைப் பதினாறுக்கு இறக்கியிருக்கிறது. கோவைக்காரர் நிரபராதி.

லட்சணமான சாஃப்ட்வேரில் அதை மாற்ற வழியே இல்லை. இருவரும் தேடிப் பார்த்தோம். நான் மூடிவைத்த ரேஷன் கார்டைத் திறந்தோம். அது கேட்ட முதல் கேள்வியே ஆரமா, விட்டமா என்பதுதான்.

"இதுக்கும் ஓகே குடுத்தீங்களாக்கும்?" என்றாள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஃபைல் தயார் செய்தாள். நான் கட்டையை மாட்டினேன், தூசியைப் பெருக்கினேன். இரண்டு வேப்பங்குமிழ் சரியாக வந்த பிறகு பித்தளைக்குப் போனோம். ஆறும் வர மூன்று ஞாயிறு ஆயின. ஒன்று மட்டும் கொஞ்சம் பருமன். அந்த ஒன்றுக்கு அளவு போட்டவன் நான்.

போன மாதம் நாமக்கல்லிலிருந்து மனைவியின் பெரியம்மா வந்திருந்தார். கதவைத் தடவிப் பார்த்தார்.

"எந்தக் கடையில வாங்குனது, சாமி?"

"ஊட்டுல செஞ்சதுங்க பெரியம்மா" என்றாள் மனைவி.

"அடேங்கப்பா! மாப்பள செஞ்சதா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை. காபி எடுத்துவருவதாகச் சொல்லிச் சமையலறைப் பக்கம் போனேன்.