பொம்மைக்காரரின் குண்டூசி

மூன்றடி பின்னால் போவார். இடது கண்ணை மூடுவார். கட்டைவிரலை நீட்டிப் பொம்மையின் தோளை அளப்பார். பிறகு கடையின் கண்ணாடி அறைக்குள் மறுபடி நுழைந்து, பொம்மையின் முதுகுப்பக்கம் போய், தொளதொளவென்று தொங்கும் துணியை ஒரு பிடி பிடித்து இழுத்துக் குண்டூசியால் குத்துவார். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தச் சட்டை அந்தப் பொம்மைக்கென்றே தைத்தது போலத் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் முள்ளம்பன்றி.

துணிக்கடையில் அவரைப் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணாடிக்குள் நிற்கும் ஒன்பது பொம்மைகளுக்கும் உடுத்திவிடுவது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. இடது மணிக்கட்டில் ஒரு பஞ்சு உருண்டையை வார் போட்டுக் கட்டியிருப்பார். அது நிறையக் குண்டூசி. வீட்டுக்கு வந்தாலும் கழற்றமாட்டார். "முன்பக்கம் நல்லா இருந்தா போதும், பின்பக்கத்தை யாரு பாக்கப்போறா?" என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். வீட்டுக்கு வெள்ளை அடித்ததும் அந்தத் தத்துவப்படிதான். அலமாரிக்குப் பின்னால் சுவர் இன்னும் பழைய அழுக்கோடு இருக்கிறது.

அவர் மனைவிக்கு அதே கடையின் மாடியில், வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. அதிகம் பேசமாட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவளையும் மூன்றடி தள்ளி நின்று, இடது கண்ணை மூடிப் பார்த்தார். "எல்லாம் சரிதான். முன்னாடி மட்டும் கொஞ்சம் நிரப்பினா பினிஷிங் வந்துரும்" என்றார். பொம்மைக்குள் காகிதத்தைக் கசக்கித் திணிக்கும்போது உதவியாளிடம் பேசுவாரே, அதே குரல். அவள் சரி என்றாள். அந்தச் சரியை இரண்டு சிலிக்கான் பைகளாகப் பதினோரு வருடம் மார்பில் சுமந்தாள். கடைசியில் இடது பக்கம் கல்லாக இறுகி, படுத்தால் வலி, கையைத் தூக்கினால் வலி என்று ஆனது. சோதித்துப் பார்த்தால் பை கசிந்திருக்கிறது. டாக்டரம்மா இரண்டு பைகளையும், அவற்றைச் சுற்றி உடம்பு வளர்த்திருந்த உறையையும் சேர்த்து எடுத்துப்போட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் பொம்மைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த இடம் காலியாவா இருக்கும்?"

"ஏன் அத்தான், வாடகைக்கு விடப்போறீங்களா?" என்றாள் மனைவியின் தங்கை. பேருந்து ஓட்டுகிறவள், வழியில் நிற்கிறவர்களை ஒதுங்கச் சொல்லிப் பழகிய வாய்.

புதிதாக வைப்பதா, அப்படியே விடுவதா என்பதை ஆறாவது வாரம் அவர் மனைவியிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அவளிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போலப் பொம்மைக்காரர் சிரித்தார்.

வீட்டில் மூன்று தலையணையில் சாய்ந்து, மல்லாந்தபடியே தூங்க வேண்டும். முழங்கை தோளுக்கு மேல் போகக் கூடாது. மார்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சையைக் கழற்றக் கூடாது. இரண்டு விலாவிலிருந்தும் இரண்டு குழாய்கள் வந்தன. முனையில் கைக்கு அடங்கும் பிளாஸ்டிக் குமிழ்கள். அதில் சேரும் செந்நீரைக் காலையும் மாலையும் அளந்து கொட்ட வேண்டும். "எனக்கு ரத்தம் ஆகாது" என்று பொம்மைக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். அளந்தது தங்கைதான். கச்சையின் கொக்கி மாட்டியதும் அவள்தான். அக்காவின் கை பின்னால் போகவில்லை.

அவரும் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. டாக்டரம்மா கொடுத்த குறிப்புத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, மூன்றடி தள்ளி நின்று கோணல் பார்த்தார். பார்க்க வருகிறவர்களிடம், "முதுகுல ஒரு சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்று சொன்னார். மனைவியின் மடியில் ஒரு தலையணையைப் போட்டு, "ஆளுங்க இருக்கறப்ப இதைக் கட்டிப் பிடிச்சுக்கோ" என்றார். வந்த பெரியம்மா ஒருத்தி பாவப்பட்டு முதுகைத் தடவித் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் உடம்பில் நன்றாக இருந்தது அந்த முதுகு ஒன்றுதான்.

எட்டாம் நாள் குழாய்களை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை, இடது பக்கம் கச்சைக்குள் மெல்ல மேடு தட்டியிருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் பொம்மைக்காரர். அந்த விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மூன்றடி பின்னால் போனார், கண்ணை மூடினார், முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? தானா எழும்புது. உள்ள இருந்ததை எடுத்ததும் உடம்புக்கே ரோஷம் வந்துருச்சு."

"தண்ணி மாதிரி தளும்புதுங்க" என்றாள்.

"அப்படித்தான் ஆரம்பிக்கும். டாக்டர்கிட்ட சொல்லிறாதே, குத்திக் கெடுத்துருவாங்க. வலது பக்கமும் வரட்டும்."

அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் ஒரு பகல் முழுக்க அவள் பேசாமல் இருந்தாள். மாலையில் தோல் சிவந்து சுட்டது. வேலை முடிந்து சீருடையோடு வந்த தங்கை தொட்டுப் பார்த்தாள்.

"அத்தான், இது என்ன செடியா, தானா முளைக்க?"

அப்போதே அழைத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஊசி போட்டு இரண்டு தடவை உறிஞ்சி எடுத்த நீர், வைக்கோல் நிறத்தில் ஒரு டம்ளர் இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் பிடிச்சிருக்கும். ஒரு பக்கம் வீங்கினா, சுட்டா, அன்னைக்கே வரணும்னு தாள்ல எழுதியிருக்கே, யாரும் படிக்கலையா?"

வீட்டுக்கு வந்து தங்கை சுவரிலிருந்து தாளைப் பிடுங்கினாள். எழுதித்தான் இருந்தது, பின்பக்கத்தில். பொம்மைக்காரர் பஞ்சு உருண்டையைத் தடவிக்கொண்டே, "பின்னாடியும் எழுதுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அக்கா சுவரோரம் நின்று, டாக்டரம்மா சொன்னபடி தோள் மட்டம் தாண்டாமல், விரல்களை நண்டு போல மேலே ஏற்றிப் பழகினாள். அன்றன்றைக்கு விரல் எட்டிய இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. கோடுகள் மெல்ல மேலே போயின. சுவர் அழுக்காகிறது என்று அவர் குறைப்பட்டார்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா தழும்புகளைப் பார்த்தார். எடுத்த உறையைச் சோதித்ததில் கெட்டது எதுவும் இல்லை என்றார். "இனிமே கையை மேலயும் தூக்கலாம், பின்னாலயும் கொண்டுபோகலாம். தொய்ஞ்ச தோல் சரியா அமைய இன்னும் சில மாசம் ஆகும்."

"புதுசு எப்ப வைக்கலாம் டாக்டர்?" என்றார் பொம்மைக்காரர். "இவளுக்கும் ஆசைதான். சொல்லக் கூச்சப்படுவா."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "உங்களுக்கு ஆசையா?" என்று அவளைக் கேட்டார்.

"இல்ல டாக்டர். வேணாம்" என்றாள்.

"பயத்துல சொல்றா" என்று பொம்மைக்காரர் சிரித்தார். "அடுத்த தடவை வர்றப்ப பேசிக்கலாம்."

வெளியே நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் நாற்காலிகளில் ஆட்கள். அவள் பழைய மேல்சட்டை முன்னால் தொளதொளவென்று காற்று வாங்கியது. இரண்டடி நடந்திருப்பாள், பின்னாலிருந்து பொம்மைக்காரர் துணியை ஒரு பிடி பிடித்து இழுத்தார். குண்டூசி ஏறும் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. சட்டை முன்னால் இறுகித் தழும்பில் உரசியது. "ம், இப்ப நட" என்றார். மூன்றடி பின்தங்கினார். இடது கண்ணை மூடியிருப்பார்.

அவள் நின்றாள். வலது கையை மெதுவாக, வலிக்கிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி பின்னால் கொண்டுபோனாள். ஆறு வாரமாக எட்டாத இடத்தில் விரல் துழாவிக் குண்டூசியைக் கண்டுபிடித்து உருவியது. திரும்பி வந்து, அவர் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டுப் பஞ்சில் அதைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி அழுத்திக் குத்தினாள்.