வண்டி நிக்கட்டும், மைனி!

மும்பை லோக்கல் ரயிலில் தினமும் செம்பூரில் ஏறி குர்லாவில் வண்டி மாறுகிறவள் நான். வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நானும் என் நாத்தனார் பிரேமாவும் ஸ்கூபா பயிற்சி முடித்து, போன சீசனில் கொங்கண் கரையில் உள்ள மால்வன் கடலில் இறங்கினோம். கீழே பிரியக் கூடாது. திரும்பும்போது மெதுவாக ஏறி, பாதி வழியில் கொஞ்ச நேரம் நின்றுதான் மேலே வர வேண்டும் என்று படகிலேயே பேசி வைத்திருந்தோம்.

ஏறும்போது தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் தெரிந்தது. அவ்வளவுதான், என் கால் பரபரத்தது. பேசியதெல்லாம் மறந்து மேலே பாய்ந்தேன். பிரேமா என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துவிட்டாள். உதறிப் பார்த்தேன், விடவில்லை. பதற்றமே இல்லாமல் என் கண்ணைப் பார்த்து, 'நில்லுங்க' என்று கையைக் காட்டினாள். வாயே திறக்காத சாது என்று நான் நினைத்திருந்த பெண்!

அப்படியே ஏறியிருந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டிப் பக்கவாதமே வந்திருக்கலாம் என்று படகில் பயிற்சியாளர் சொன்னதும் நடுங்கிப்போனேன். பிரேமா மட்டும் சிரித்தாள்: "வண்டி நிக்கட்டும், மைனி! ஸ்டேஷன் எங்க ஓடிரப் போவுது?"

இப்போதெல்லாம் குர்லாவில் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு திட்டினாலும், வண்டி நின்ற பிறகுதான் இறங்குகிறேன். என் பெல்ட்டை அந்தக் கை இன்னும் விடவில்லை.