ராணி சாப்பிட்ட பொங்கல்

ஏன்டி மருமவளே, ஒனக்கு வேற வேலையே இல்லையா? அடுப்புல கறி கொதிக்குது, தொவச்ச துணி வாளியிலயே கெடக்கு, இவளுக்கு எங்கப்பா கதை வேணுமாம்! "தாத்தா தொண்ணூத்திரண்டு வயசு இருந்தாராமே, மாடெல்லாம் வெச்சிருந்தாராமே, அதெல்லாம் எங்க போச்சு அத்தே?"ங்குற. எங்க போவும்? லண்டனுக்குப் படிக்கவா போச்சு? செத்துப் போச்சு. போதுமா? போதாது ஒனக்கு. உடும்பு மாதிரி புடிச்சா விடமாட்ட. சரி, ஒக்காரு. கேட்டுட்டு மூக்கச் சிந்துனா ஒன் சட்டையில சிந்திக்க. என் சேலைப் பக்கம் வந்துறாத.

வருசமெல்லாம் கேக்காத. நான் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசந்தான் ஒக்காந்தேன், அதுவும் சன்னலோரம். மெர்டேக்கா, அதான் வெள்ளக்காரன்கிட்டேருந்து சுதந்திரம், கெடச்சு வந்த மொத பொங்கல், அது மட்டும் தெரியும். எனக்கு ஒம்பது வயசு.

காஜா பேராங்ல ரோட்ட விட்டு உள்ள தள்ளி எங்க வீடு. வீட்ட ஒட்டி மாட்டுக் கொட்டா. மூணு மாடு. அதுல ரெண்டு பால் வத்திப்போயி சும்மா தின்னுட்டுப் படுத்துக் கெடக்கும், ஒன் புருசன் மாதிரி. கறவையில இருந்தது ராணி ஒருத்திதான். நல்ல செவல. எங்க வீட்டு அரிசி, சட்டை, அம்மாவுக்கு மருந்து, எல்லாம் அவ மடியிலதான் இருந்துச்சு. மெர்டேக்கா வந்ததும் ஆளுங்க எங்கப்பாவ கிண்டல் பண்ணுவாங்க. "என்னண்ணே, வெள்ளக்காரன் ராணியே கப்பலேறிட்டா, ஒங்க ராணி இன்னும் போவலயா?"ம்பாங்க. அப்பா சிரிச்சிக்கிட்டே, "இவ போனா நாங்களும் போவ வேண்டியதுதான்"ம்பாரு. அப்ப அது தமாசுதான்.

எங்கப்பா கறக்குறத நீ பாத்திருக்கணும். மொதல்ல கன்னு வயிறு நெறைய குடிக்கணும். அது குடிச்சு நிமுந்து பாத்தாத்தான் இவரு கீழ ஒக்காருவாரு. மிச்சந்தான் ஊருக்கு. அப்படிக் கறந்தா பால் கொறையும்னு அம்மா திட்டும். அவரு காதுலயே வாங்க மாட்டாரு.

எங்க வரிசையில வேற யாரு வீட்டுலயும் மாடு கெடையாது. அதனால மாட்டுப் பொங்கலுக்கு அத்தன பேரும் ஆளுக்கு ஒரு எலையில சக்கரைப் பொங்கல எடுத்துக்கிட்டு எங்க கொட்டாக்குத்தான் வருவாங்க. மாட்டுக்கு ஊட்டிட்டு, அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவாங்க. செட்டிக் கம்பத்துலேருந்துகூட ஒரு பெரியம்மா வரும். நம்ம சாமி கும்புடுற ஆளுங்கதான், பட்டையா துன்னூறு பூசியிருக்கும், ஆனா வாயத் தொறந்தா மலாய்தான். அப்பா வருசா வருசம் ராணி பக்கத்துலயே காவல் நிப்பாரு. ஆளுக்கு ஒரு வாய். கொய்யாப்பழம் அளவு உருட்டி ஊட்டலாம். மிச்சத்த ஒரு சட்டியில போட்டுறணும். சாயந்தரம் அத எங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாரு.

அந்த வருசம் அம்மாவுக்குத் தம்பி பொறந்து பதினோரு நாளு. பச்ச ஒடம்பு, எந்திரிக்கக் கூடாது. அப்பா கோயிலுக்கு அபிசேகப் பால் கொண்டுபோவணும். சைக்கிள்ல பால் டின்ன மாட்டிக்கிட்டு என்னயக் கூப்புட்டாரு. "யாரு வந்தாலும் ஒரு வாய்தான். ஓங்கிச் சொல்லு. நீதான் இப்ப மாட்டுக்காரி"ன்னாரு. போயிட்டாரு.

மாட்டுக்காரி! என் தலை கூரைய முட்டிருச்சு.

மொதல்ல பக்கத்து வீட்டு அக்கா வந்துச்சு. ஒரு வாய் ஊட்டுச்சு. எல நெறைய மிச்சம். "இவ்ளோ முந்திரி போட்டு செஞ்சேன், சட்டியில கொட்டவா? நீ சொன்னா முழுசும் போட்டுட்டுப் போறேன், பெரிய மனுசி"ன்னுச்சு. என் வாழ்க்கையில யாரும் என்னயப் பெரிய மனுசின்னு சொன்னதில்ல. தலைய ஆட்டுனேன். ராணி நாக்க நீட்டி எலையோட சேத்து இழுத்துக்குச்சு. அடுத்து வந்தவங்க அதப் பாத்துட்டாங்க. அக்காவுக்கு மட்டும் முழு எல, எங்களுக்கு ஒரு வாயான்னு கேட்டா நான் என்ன சொல்றது? செட்டிக் கம்பத்துப் பெரியம்மா என் மோவாயப் புடிச்சு, "அடெக், போலே?"ன்னு என்கிட்ட உத்தரவு கேக்குது! நானும் மகாராணி கணக்கா, "போலே, போலே"ன்னேன். போடலாம், போடலாம்.

ஒரே ஒரு அத்தை மட்டும் நின்னு யோசிச்சாங்க. "ஒங்கப்பா ஒரு வாய்க்கு மேல விட மாட்டாரே?"ன்னாங்க. நான் விடுவேனா? "இந்த வருசம் எவ்ளோ வேணாலும் போடலாம்னு அப்பாவே சொல்லிட்டாரு, மெர்டேக்கா கெடச்சிருச்சுல்ல!"ன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவங்களும் முழு எலைய வெச்சிட்டாங்க.

எத்தன எலன்னு நான் எண்ணல. கடைசியில எங்க வீட்டுப் பொங்கப் பானையையும் நானே தூக்கியாந்து ராணி முன்னாடி கவுத்தேன். ஊரே போட்டாச்சு, மாட்டுக்காரி போடாம இருக்கலாமா?

மதியத்துக்கு மேல ராணி அச போடல. வயித்தோட எடது பக்கம் தவில் மாதிரி எழும்பிக்கிட்டே வந்துச்சு. அப்பா வந்து பாத்தவரு சைக்கிளக் கீழயே போட்டுட்டாரு. வாயில குச்சிய வெச்சுக் கட்டி எண்ணெய ஊத்துனாரு. புடிச்சு நடக்க வெச்சாரு. நாலு எட்டு நடந்து மடங்கி ஒக்காந்துருச்சு. ஓடிப்போயி மாட்டு டாக்டர் ஒருத்தரக் கூட்டியாந்தாரு. அவரு ஊசி மாதிரி ஒரு கொழாய வயித்துல குத்துனாரு. காத்து வரல. நொரையா பொங்குச்சு. அதுல சோறு. முழுசு முழுசா முந்திரி. வெல்ல வாசம் கொட்டா பூராவும். இன்னிக்கும் யாரு வீட்டுலயாவது சக்கரைப் பொங்கல் கிண்டுனா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். நீங்கல்லாம் எனக்கு இனிப்பு புடிக்காதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க.

"என்னய்யா குடுத்தீங்க?"ன்னாரு டாக்டர்.

அப்பா நிமுந்தாரு. நான் தூணுக்குப் பின்னாடி நிக்கிறேன். என்னய ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் கீழ கெடந்த எலைங்கள காலாலயே சாக்கடைப் பக்கம் ஒதுக்குனாரு. "புல்லு ஈரமா இருந்துச்சுங்க. பாக்காம போட்டுட்டேன்"ன்னாரு.

டாக்டரு தன் கையில ஒட்டியிருந்த சோத்தப் பாத்தாரு. வாளித் தண்ணியில கையக் கழுவுனாரு.

வெளக்கு வெக்கிற நேரத்துக்கு ராணி போயிட்டா. வயித்துல இன்னொரு கன்னு வேற, அஞ்சு மாசம். பால் குடிச்சிட்டிருந்த கன்னு ராத்திரி பூரா கத்திச்சு, பத்து நாள்ல அதுவும் போச்சு. எனக்கு அன்னிக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லட்டா? அழுகையா வந்துச்சு? இல்லடி. அப்பாவுக்குத் தெரியலன்னு சந்தோசமா இருந்துச்சு. இவ்ளோ வருசம் மாடு வெச்சிருக்காரு, பொங்கலுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியலயேன்னு நெனச்சேன். அவ்ளோதான் என் அறிவு.

அப்புறம் என்ன. ஈரப்புல்லப் போட்டு மாட்டக் கொன்னவன்கிட்ட யாரு பால் வாங்குவா? மாட்டுக்காரனுக்கு அதவிடக் கேவலம் உண்டா? கோயிலுக்கு வேற எடத்துலேருந்து பால் வந்துச்சு. வத்திப்போன ரெண்டையும் வித்தாரு. குருபோங்ல இப்ப ஃபேக்டரியா நிக்குதே, அங்க அப்ப ஒருத்தரு பத்து மாடு வெச்சிருந்தாரு. அங்க கூலிக்குக் கறக்கப் போனாரு எங்கப்பா. அவருக்கப்புறம் இன்னொருத்தரு, அப்புறம் இன்னொருத்தரு. நாப்பது வருசம் அடுத்தவன் மாட்டத்தான் கறந்தாரு. அங்கெல்லாம் கன்னு குடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருக்க முடியுமா? மொதலாளி திட்டுவான். வீட்டுக்கு வந்து கோப்பி ஓ, அதான் கடுங்காப்பி, அதத்தான் குடிப்பாரு, பால் தொட மாட்டாரு. ஊருல அவருக்குப் பேரே ஈரப்புல்லு. என்னயப் பொண்ணு பாக்க வந்த ஒங்க மாமனாரு வீட்டுல கேட்டாங்களே, "ஈரப்புல்லு மவளா?"ன்னு. அப்பா காப்பித் தட்டோட நிக்கிறாரு. "ஆமாங்க"ன்னாரு.

நீண்ட ஆயுசுங்குறாங்க. அந்தப் பேரோட அவ்ளோ நாள் இருக்குறது என்ன ஆயுசு?

எனக்கே பேரன் பேத்தி வந்ததுக்கப்புறம் ஒருநாள் மனசத் தேத்திக்கிட்டுப் போனேன். அவருக்கு எம்பது தாண்டிருச்சு. நாற்காலியில ஒக்காந்திருக்காரு. "அப்பா, அந்த ராணி..."ன்னு ஆரம்பிச்சேன். "ஈரப்புல்லும்மா. நாந்தான் பாக்காம போட்டுட்டேன்"ன்னாரு, பட்டுன்னு. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசமாயிருச்சா, இல்ல அப்பவும் எனக்காகத்தான் சொன்னாரா? அந்தக் கேள்விய அவரோடயே வெச்சு எரிச்சாச்சு.

என்ன பாக்குற? கதை முடிஞ்சிருச்சுன்னு எந்திரிக்காத. கொட்டாயில சொன்னது எப்படி ஊரு பூரா போச்சுன்னு நீ கேக்கலயே? டாக்டரு வெளியூரு, அவரு சொல்லல. அப்பாவும் ஊமை.

ராணி செத்த மறுநாள் காலையில, ரோட்டோரத் தண்ணிக் கொழாய்கிட்ட பொம்பளைங்க எல்லாம் நின்னாங்க. முந்தின நாள் எல கொண்டாந்த அதே ஆளுங்க. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியப் பாக்கல. அவங்கவங்க கால் வெரலையே பாக்குறாங்க. அப்பா வாளியோட வந்தாரு. அந்த மெர்டேக்கா அத்தை மெதுவா, "அண்ணே, நேத்து நீங்கதான சொன்னீங்கன்னு..."ன்னு வாயெடுத்தாங்க. நான் முந்திக்கிட்டேன். "எங்கப்பா ஈரப்புல்லப் போட்டுட்டாரு! அதான் ராணி வயிறு ஊதிச் செத்துப்போச்சு!"ன்னு கத்துனேன். கைய விரிச்சு வயிறு எப்படி ஊதுச்சுன்னு நடிச்சும் காட்டுனேன்.

அத்தன பேரும் மூச்சு விட்டாங்க பாரு. "அய்யய்யோ, ஈரப்புல்லாண்ணே? மாட்டுக்காரரு நீங்களே இப்படியா?"ன்னு ஆளாளுக்குப் புடிச்சுக்கிட்டாங்க. அப்பா கொழாயத் தொறந்து வாளிய வெச்சாரு. "ஆமா. புள்ள சொல்றது சரிதான்"ன்னாரு.

அதோட விட்டேனா நான்? "எங்கம்மா வேணாம் வேணாம்னு சொன்னாங்க, எங்கப்பாதான் கேக்கல"ன்னு இன்னொண்ணும் சேத்துச் சொன்னேன்.