அசல் ரோமம்

அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை தேவைப்பட்டது. குளிருக்கு அல்ல, ஸ்ரீரங்கத்தில் ஏது குளிர்? காலைப் பூஜைக்கு மடியான, தீட்டுப்படாத துணி வேண்டும். தினமும் அவர் வேட்டியை அம்மாதான் துவைத்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்த்துவாள். கம்பளி என்றால் துவைக்காமலே மடி. என்னிடம் வேலை வாங்க அவருக்கு மனமில்லை என்பது புரிந்தது. புரிந்ததே தவிர, வருத்தம் என்று எதுவும் வரவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் நான் மரத்துப்போய்த்தான் இருந்தேன்.

ஆட்டுக் கம்பளி பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அல்பாக்கா அவ்வளவாக அரிக்காது என்று படித்திருந்தேன். தென்னமெரிக்க மலைகளில் வளர்க்கிற, ஒட்டக ஜாதிப் பிராணி என்று விளக்கினேன். அவர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "பிராணியோட ரோமம்னா தோஷமில்லை. நைலான தலையில கட்டிடப் போறான், பாத்து வாங்கு."

பெரிய கடை வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அல்பாக்கா என்று சீட்டு ஒட்டியதெல்லாம் பளபளவென்று மின்னியது; உள்ளங்கையால் தேய்த்தால் நைலானைப் போலப் படபடவென்று பொரிந்தது. வழக்கமாக இதற்கெல்லாம் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பவன் நான். அன்று பேசாமல் மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

கடைசிக் கடையில் ஒரு சால்வை மங்கலாக இருந்தது. கன்னத்தில் வைத்தேன், குத்தவில்லை. கடைக்கார பாய் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தார்.

"வீட்ல போயி கொளுத்திப் பாருங்க. உருகிக் கட்டியாச்சுன்னா சால்வையத் திருப்பிக் கொண்டாங்க."

வாங்கி வந்து, சமையலறையில் நின்று தீக்குச்சியைக் கிழித்தேன். நூல் உருகவில்லை. சுருண்டு கருகி, விரலில் பொடியாக உதிர்ந்தது. முடி பொசுங்கும் வாடை எழுந்தது. அசலுக்கு அதுதான் அடையாளம் என்று எனக்கு முன்பே தெரியும். அந்த வாடையைக் கடைசியாக எங்கே முகர்ந்தேன் என்பதுதான் அதுவரை நினைவுக்கு வரவில்லை. காவிரிக் கரையில், அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது.

வாடை பிடித்து அப்பா வாசற்படி வரை வந்தார். கொள்ளி வைத்த அன்று அவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"அசல்தாம்பா," என்றேன்.

"தெரியறது. ஜன்னலத் திறடா."

ஜன்னலைத் திறந்தவன் திரும்பாமல் அங்கேயே நின்று அழுதேன். அம்மா போன பிறகு அதுதான் முதல் அழுகை. அப்பா சால்வையைத் தொடவில்லை, போகவும் இல்லை.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு அவர் வேட்டியைத் துவைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.