கச்சான் காற்றில் நின்ற வாளி

உண்மையைச் சொன்னாலே ஒருவரைப் பழிவாங்கிவிடலாம் என்றால், அந்த உண்மையை எந்த வேளையில் சொல்ல வேண்டும்? வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் நடந்தபடி பல மாலைகள் இதையே யோசித்தேன்.

பட்டம் பெற்றதும் எனக்குக் கிடைத்தது, தீவைச் சுற்றியுள்ள கடலின் மேற்பரப்பு வெப்பத்தை மாதந்தோறும் அளக்கும் அரசாங்க வேலை. படகிலிருந்து கித்தான் வாளியை இறக்கி நீரை மொண்டு, வெப்பமானியை உடனே வாசிக்க வேண்டும். கொழும்புக் கடல் சித்திரையில் சூடேறி, தென்மேல் மழையோடு இறங்கும். தெற்கே அதே மழைக்காலத்தில் ஆழத்து நீர் மேலெழுந்து இன்னும் குளிரும். மன்னார்ப் பக்கத்து ஆழமற்ற கடலோ வெயிலுக்கும் வாடைக்கும் உடனே மாறிவிடும். ஒரே தீவின் கரைகள் ஒரே மாதத்தில் வெவ்வேறு பருவங்களில் இருந்தன. வாந்தியெடுத்துக்கொண்டே இதைக் கண்டறிந்தவன் நான்.

அச்சில் வந்த வரைபடத்தில் என் மேலதிகாரியின் பெயர் மட்டும் இருந்தது. சீமையில் படித்த தமிழர். ஒவ்வோர் அளவையும் தம் கையாலேயே எடுத்ததாக முன்னுரையில் எழுதியிருந்தார். உண்மையில் அவர் கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவை. நான் செங்கமாரி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தென்மேல் காற்றான கச்சான் வீசும் காலத்தில், கிழக்குக் கரைக்குப் போனார். அந்தப் பயணத்தைப் பற்றி அவரே அலுவலகத்தில் பெருமையாகச் சொல்வார்: "வாளி மேல்தட்டில நிக்கட்டும், முதல்ல தேத்தண்ணி எண்டன். தேத்தண்ணி ஆறிப்போம். கடல் ஆறிப்போமோ?"

கடல் ஆறவில்லை, வாளி ஆறியது. ஈரக் கித்தானில், மலை தாண்டி வறண்டு வரும் கச்சான் பட்டால், உள்ளே இருக்கும் நீர் மண்பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்துவிடும். வரைபடத்தில் பிழையான பகுதி அது ஒன்றுதான்: அவர் உண்மையிலேயே தம் கையால் அளந்த பகுதி. அந்தப் பொய்க் குளிரை வைத்துக்கொண்டு, கிழக்கிலும் ஆழத்து நீர் மேலெழுகிறது, மீன் ஏராளம், அந்தக் கரையை அரசாங்க இழுவைப் படகுகளுக்கு ஒதுக்கி வாடிகளை அகற்றலாம் என்று சிபாரிசு எழுதியிருந்தார். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கொழும்புக் கொட்டாஞ்சேனை மீனவக் குடும்பங்கள் கிழக்கே போய்த் தங்கிப் பிழைக்கும் குடில்கள் அவை. சிபாரிசு மேலே போகுமுன், கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு மண்டபத்தில் அவர் அதைப் பற்றி உரையாற்றுவதாக ஏற்பாடு.

என் அறைத்தோழர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். நான் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "இப்ப போய்ச் சொன்னீரெண்டால், மனுசன் திருத்திப்போட்டு அதுவும் தன்ர மூளை எண்டுவார். பேசாமல் இரும். நல்லாய் நாறட்டும்."

முதல் பாதி சரி. ஆனால் நான் கடைசிவரை பேசாதிருந்தால் நாறுவது அவர் மட்டுமல்ல. வாடிகள் பிடுங்கப்பட்ட பிறகு சொல்லும் உண்மை எவர் வீட்டிலும் அடுப்பு மூட்டாது. ஆகவே மண்டபத்தைத் தெரிந்தெடுத்தேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைக்கமாட்டேன். மீனவருக்குச் சேதமில்லாமல் மேலதிகாரிக்கு ஆகக் கூடிய சேதம் விளைவது அங்கேதான்.

உரை ஆங்கிலத்தில் நடந்தது. முடிந்ததும் எழுந்து, கிழக்கில் நீரை மொண்ட பின் வெப்பமானியை வாசிக்கும்வரை வாளி காற்றில் நின்று குளிர்ந்ததா என்று கேட்டேன். முன்வரிசை வெள்ளைக்கார அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புன்னகைத்தபடி, அளவுகளை வாசிப்பது எப்போதும் உதவியாளரின் வேலை, தவறு இருந்தால் அது என்னுடையது என்றார்.

நான் காத்திருந்த பதில் அதுதான். அந்தப் பயணத்தின்போது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றும், மற்ற அளவுகளெல்லாம் என்னுடையவை என்று இப்போதாவது ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்த சத்தம் எனக்கு இன்றும் இனிக்கிறது.

படியிறங்கும்போது மேலதிகாரி என்னை நிறுத்தினார். முகம் வெளிறியிருந்தது. "தம்பி, இதை என்னட்டத் தனியச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம், சேர். நீங்களும் என்ர பேரைப் போட்டிருக்கலாம்."

சிபாரிசு மீளப் பெறப்பட்டது. அடுத்த கச்சானிலும் கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் கிழக்கே வாடி அடித்தன. அளவெடுத்தவரின் பெயரையும் வரைபடத்தில் அச்சிடும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் வந்தது. என்னை அதன்பின் ஒருபோதும் கடலுக்கு அனுப்பவில்லை.